தறி நின்றபோது கேட்ட பெயர்கள்

ஜனவரி 19, புதன்

நூல்கடையில் கொடுத்த டைரி. போன வருடத்துடையது. தேதி சரியாக இருக்கிறது, கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

என் பெயர் பரிமளா. வயது பதினாறு. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். தார் சுற்ற ஆள் இல்லையென்று அப்பா நிறுத்தினார் என்று எல்லோரிடமும் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதச் சொன்னால் நான்தான் முதல்.

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டின் முன்பாதியில் நான்கு விசைத்தறிகள். பின்பாதியில் நாங்கள் மூன்று பேர். இரண்டு தறியை அப்பா ஓட்டுகிறார், இரண்டைக் கூலிக்கு வரும் சீரங்கண்ணன் ஓட்டுகிறார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்கட்டைக்குத்தான் தார் என்று பெயர். அதைச் சுற்றுவது நானும் அம்மாவும்.

இன்று அம்மா போட்ட தாரில் நூல் அறுந்து ஒரு லுங்கி வீணானது. அப்பா அந்தத் தாரையே எடுத்து அம்மாவின் முதுகில் எறிந்தார். கூர்முனைப் பக்கம் பட்டது. ரவிக்கை கிழிந்ததைச் சாயங்காலம் தைத்தேன்.

ஜனவரி 22, சனி

எங்கள் வீட்டில் ரகசியம் பேச வேண்டுமென்றால் தறி ஓடும்போதுதான் பேச வேண்டும். ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. காதில் வாயை வைத்துச் சொன்னால் அந்த ஒரு காதுக்கு மட்டும் கேட்கும். நின்றுவிட்டால் உப்பு ஜாடியைத் திறப்பதுகூடத் தெருவுக்குத் தெரியும்.

அம்மா என் காதில் சொல்வதெல்லாம் பாட்டுதான். உத்தரத்தில் அப்பா ஒரு பேட்டரி ரேடியோவையும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். தறிச்சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்கும். அம்மா சின்ன வயதில் கேட்ட பாட்டு ஏதாவது வந்தால் அவள் கை தார் மிஷினில் ஓடிக்கொண்டே இருக்கும், வாய் என் காதுக்கு வந்துவிடும்.

இன்று படகுப் பாட்டு. பெயரெல்லாம் அம்மாவே வைத்தது. துடுப்புப் போடும் தாளம் வருமாம்.

"இந்தப் பாட்டைக் கேக்கறதுக்கு டீக்கடை வாசல்ல நின்னனா, எங்க அண்ணன் பாத்துட்டான். வூட்டுக்கு இழுத்துட்டுப் போயி சைக்கிள் டியூப்ல அடிச்சான். கடையில பாட்டு இன்னும் ஓடுது. அவன் அந்தத் தாளத்துக்கே அடிக்கறான் கண்ணு! ஒரு அடி தப்பல!"

சொல்லிவிட்டு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடித்தது அருணாசலம் மாமா. தீபாவளிக்கு எனக்குத் துணி எடுத்துக்கொண்டு வருவாரே, அவர்தான்.

விசில் பாட்டு இன்னொன்று. அம்மாவின் கல்யாணத்தன்று ரேடியோ செட்டுக்காரன் அந்த ஒரு இசைத்தட்டையே திரும்பத் திரும்பப் போட்டானாம். "மூணாம் நாளு உங்கப்பன் மொத அடி அடிச்சான். பக்கத்துத் தெருவுல அதே பாட்டு. விசிலடிக்கற எடத்துல பல்லு ஆடுச்சு."

எல்லாப் பாட்டுக்கும் ஒரு அடி இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன், அடி இல்லாத பாட்டு ஒன்றுகூட இல்லையா என்று. அவள் பதில் சொல்வதற்குள் தறி நின்றுவிட்டது.

ஜனவரி 25, செவ்வாய்

இருக்கிறது. ஒன்று.

மணிச்சத்தப் பாட்டு. ஆரம்பத்தில் மாட்டு மணி ஒன்று தூரத்திலிருந்து நெருங்கி வருமாம். கல்யாணத்துக்கு முன்னால், பிறந்த ஊரான ஜலகண்டாபுரத்தில் அம்மா ரேடியோவுக்குக் கார்டு எழுதிப் போட்டிருக்கிறாள். நேயர் விருப்பத்தில் பெயர் வாசித்தார்கள். "ஜலகண்டாபுரம் கே.நாகரத்தினம்." மறுவாரம் அதே பாட்டைக் கேட்டு இன்னொருவர் எழுதியிருந்தார். "தாரமங்கலம் எஸ்.வையாபுரி." அதற்கடுத்த வாரம் அம்மா. அதற்கடுத்து அவர். பிறகு இரண்டு பெயரையும் சேர்த்தே வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒன்றரை வருடம்.

"ஆளு எப்படி இருப்பாரு?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா? மொட்டையோ நெட்டையோ. பேரு மட்டுந்தான் பாத்துக்கிட்டோம்."

"லெட்டர்?"

"ஒரு வரி கெடையாது. எம் பேரை ஒரு நல்ல குரல்ல வாசிச்சாங்க, பக்கத்துல ஒரு பேரு இருந்துச்சு. அவ்வளவுதான் கண்ணு." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் என் காதுக்கு வந்தாள். "இன்னொரு தடவ எம் பேரை அப்படிக் கேட்டுட்டன்னா போதும்."

அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏய்" என்பார். கோபம் வந்தால் வேறு மாதிரி.

ஜனவரி 26, புதன்

குடியரசு தினம். தபாலாபீஸ் லீவு.

ஜனவரி 27, வியாழன்

அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். போகும் வழியில் ஒரு வேலை இருந்தது, முடித்தேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் ஒரு மணிக்கு நேயர் விருப்பம். பெயர் வாசிப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்காது. பாட்டு மட்டும்தான் தறிக்கு மேல் எழும், பேச்சு அமுங்கிவிடும். இந்த ரேடியோவைக் கட்டித் தொங்கவிட்டு ஆறு வருடமாகிறது, ஒரு பெயர்கூட எங்கள் காதில் விழுந்ததில்லை. ரேடியோவுக்கு நேர் கீழே போய் நின்றால் ஒருவேளை கேட்கும். ஒரு மணிக்கு அம்மாவை அந்த இடத்தில் கிடந்த நூல்சிட்டத்தை எடுத்து வரச் சொன்னேன். நூல் தீர்ந்துவிட்டது, வேறு காரணம் இல்லை.

அம்மா குனிந்து எடுக்கும்போது கரண்ட் போனது.

நான்கு தறியும் நின்றன. தெரு முழுக்க நின்றது. காது ஙொய்யென்று இரைந்துகொண்டிருந்தது. ரேடியோ மட்டும் பேட்டரியில் பேசியது. அத்தனை அமைதியில் அது கோயில் மைக் போலக் கேட்டது.

"குமாரபாளையத்திலிருந்து இந்தப் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள், ஜலகண்டாபுரம் கே.நாகரத்தினம், மகள் பரிமளா."

பிறகு மாட்டு மணி.

அம்மா சிட்டத்தோடு அப்படியே நிமிர்ந்தாள். சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது போலிருக்கிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீரங்கண்ணனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏனுங்ணா, அக்கா பேரு வந்துருச்சு, புள்ள பேரு வந்துருச்சு. உங்க பேரு மட்டும் கரண்டோட போயிருச்சாட்டம் இருக்குது!"

எதிர் வீட்டு ஓமலூர் அக்கா தன் வாசலில் இருந்தே, "அங்கமுத்தண்ணன் அந்த வூட்ல வாடகைக்கு இருக்கறாரோ என்னமோ!" என்றாள், அப்பாவைச் சொல்லி. தெருவே சிரித்தது. வேலை நின்ற நேரத்தில் சும்மா இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

கரண்ட் மூன்று மணிக்கு வந்தது. சீரங்கண்ணன் ஆறு மணிக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு அப்பா நான்கு தறியையும் காலியாகவே ஓடவிட்டார். வெளியே கேட்கக்கூடாது என்பதற்காக. அப்புறம் அம்மாவின் தலைமயிரைப் பிடித்தார்.

"எவடி எழுதுனது?"

என்ன கேட்டார் என்று வாயசைவில் தெரிந்தது. நான் தார் மிஷினுக்குப் பின்னால் இருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான்" என்றது அவள் வாய்.

சுவரில் நான்கு முறை. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 7, திங்கள்

அம்மாவின் இடது கண் மூடிவிட்டது. ஓமலூர் அக்கா வந்து, "நான் வாய் வெச்சதாலதான" என்று அழுதாள். மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். பகலில் தார் சுற்றினோம். காதில் வாய் வைத்து அம்மா சொன்னது ஒன்றே ஒன்று.

"நீ வாயத் தொறக்காத. என்னைய அடிச்சா நான் தாங்குவன்."

யார் எழுதியிருப்பார்கள் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 9, புதன்

நாற்பத்தெட்டு தார். கத்தரிக்காய்க் குழம்பு. அடி இல்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

ஒரு மணிக்கு அப்பா தானாகவே மோட்டார் சுவிட்சை அமர்த்தினார்.

"இன்னிக்குக் கரண்டை நான் நிறுத்தறன்" என்றார் சீரங்கண்ணனிடம். "இந்த வாரமும் எழுதியிருக்கறாளான்னு எல்லாருங் கேப்பம்."

அம்மாவை ரேடியோவுக்குக் கீழே நிற்க வைத்தார். வாசல் கதவு திறந்தே இருந்தது. எங்கள் தறி நின்றதும் என்னவோ என்று ஓமலூர் அக்கா எட்டிப் பார்த்தாள்.

மூன்று பாட்டு போனது. அம்மாவின் பெயர் வரவில்லை. அப்பாவின் முகம் கொஞ்சம் இளகியதுகூட எனக்குத் தெரிந்தது. சீரங்கண்ணன் பீடியைப் பற்றவைத்தார். அப்போதுதான் அந்தக் குரல் சொன்னது.

"அடுத்து, போன வாரம் நாகரத்தினம் கேட்ட பாடலை, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவரோடு சேர்ந்து நானும் கேட்க விரும்புகிறேன் என்று எழுதியிருக்கிறார், தாரமங்கலம் எஸ்.வையாபுரி."

மாட்டு மணி வந்தது.

அப்பா அசையவில்லை. அம்மா ஒரு அடி எடுத்து வைத்தாள். "பாட்டு முடியட்டும், நில்லு" என்றார் அப்பா. சத்தமே இல்லாமல் சொன்னார். அம்மா நின்றாள். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. எல்லோர் முன்னாலும் கடைசி மணி வரைக்கும் நின்றாள். சீரங்கண்ணன் பாதியிலேயே வெளியே போய்விட்டார். நான் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டது அன்றுதான். நல்ல பாட்டு.

பாட்டு முடிந்ததும் ரேடியோவை இழுத்துத் தரையில் அடித்தார். அப்புறம் காலால் அம்மாவை. இந்த முறை தறியை ஓட்டவில்லை. தெரு கேட்டால் கேட்கட்டும் என்றே அடித்தார். நான் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் வாயில் இரண்டே இரண்டு வார்த்தைதான் இருந்தது. வெளியே வரவில்லை.

பிப்ரவரி 15, செவ்வாய்

அருணாசலம் மாமா வந்தார். அம்மா பாயில் படுத்திருந்தாள், விலா எலும்பில் அடி. மாமா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவிடம் போனார். சண்டை வரும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

"மாப்ள, ஊரு பேசுது. வெள்ளிக்கெழம மாரியம்மன் கோயில்ல கற்பூரத்த ஏத்துவம். அவ அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். அதோட முடிஞ்சிரும்."

"என்னன்னு பண்ணுவா?"

"அந்த ஆளுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, கார்டையும் நான் எழுதலன்னு."

அப்பா யோசித்தார். "ரெண்டையுஞ் சொல்லி அணைச்சான்னா நான் இனி கை வெக்கல."

அப்பா கோபக்காரர், ஆனால் சாமி விஷயத்தில் சொன்ன சொல் மாறமாட்டார். அது எனக்குத் தெரியும். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. அதுதான் எங்கள் வழக்கம். பொய்யாக அணைத்தவர்களுக்குக் கை அழுகும் என்பார்கள்.

இரண்டுமே உண்மை. அம்மா பயமில்லாமல் அணைக்கலாம்.

பிப்ரவரி 18, வெள்ளி

அம்மா அணைக்கவில்லை.

பூசாரி பித்தளைத் தட்டில் கற்பூரம் ஏற்றினார். மாமா, அப்பா, அப்பாவின் பங்காளிகள் நான்கு பேர். அம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பூக்கடைப் பக்கம் நின்றிருந்தேன்.

"அந்த ஆளை நான் பார்த்ததுங் கெடையாது, பேசுனதுங் கெடையாது" என்றாள் அம்மா, கையை நீட்டி.

"கார்டு எழுதலைன்னு சொல்லும்மா" என்றார் மாமா.

கை அப்படியே நின்றது.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தபடி சொன்னார். "சொல்லு. எழுதலைன்னு சொல்லு. நம்ம வூட்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவ அப்பறம் யாருன்னு நான் பாத்துக்கறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா உண்மையைச் சொல்லி அணைத்தால் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். சொல்லாவிட்டால் அவள்தான்.

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். வாயைத் திறந்தேன். பூக்காரம்மா, "என்ன கண்ணு வேணும்?" என்று கேட்டாள்.

"ஒரு மொழம்" என்றேன்.

அவள் அளந்து கிள்ளி இலையில் வைத்துக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"எழுதுனது நான்தான். நான் அணைக்க மாட்டன்" என்றாள் அம்மா. கற்பூரம் தானாகவே எரிந்து முடியும் வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமா, "இனி உம்பாடு" என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறிப் போனார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கார்டை எழுதியது நான். ஜனவரி 25 ராத்திரி எழுதி 27ஆம் தேதி போட்டேன். தறி ஓடும், யாருக்கும் கேட்காது, அம்மா ஒருத்தி மட்டும் கேட்பாள் என்று நினைத்தேன். அப்பா பெயரைப் போட இடம் இல்லை என்று யாராவது கேட்டால் சொல்ல வைத்திருந்தேன். கார்டில் பாதி காலியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 20, ஞாயிறு

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

இன்று எழுத முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடியில் ஒரு கல்யாணம். விடிகாலையிலிருந்தே குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. எல்லாம் புதுப்பாட்டு. எங்கள் வீட்டில் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் ஒன்றும் கேட்கவில்லை. பத்து மணி இருக்கும். அம்மா தார்க்கூடையை எடுத்துக்கொண்டு அப்பாவின் தறியருகே போனாள். அப்பா அவள் வலது கையைப் பிடித்தார்.

அவர் வாய் சொன்னது எனக்குத் தெரிந்தது. "இந்தக் கைதான எழுதுச்சு?"

தறியின் பக்கவாட்டில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு சுற்றும். போன வருடம் அடுத்த தெருவில் ஒரு பையனின் மூன்று விரல் அதில் போனது. அப்பா அம்மாவின் கையை அங்கே கொண்டுபோனார். அம்மா தரையில் உட்கார்ந்து பின்னால் இழுத்தாள். விலா அடியில் அவளால் முடியவில்லை. தலை தொங்கிவிட்டது. அப்பா ஒரு காலை அவள் தோளில் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். சேலைத் தலைப்பு முதலில் மாட்டியது. சரசரவென்று உள்ளே போனது.

"நான்தான் எழுதுனன்!" என்று கத்தினேன்.

என் ஆயுசில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. நான்கு தறி ஓடும்போது யார் கத்தினாலும் அப்படித்தான்.

அப்பாவின் முதுகுப் பக்கம் போய்க் கத்தினேன். திரும்பவில்லை. சுவரில் மரக்கோல் சாய்த்து வைத்திருந்தது. தறியில் நாடாவை அடித்துத் தள்ளுகிற கோல், ஒன்று முறிந்தால் மாற்ற இன்னொன்று எப்போதும் இருக்கும். நல்ல கனம். எடுத்தேன். அப்பாவின் கையைப் பார்த்தேன். எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று பார்த்துத்தான் அடித்தேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். அவர் விட்டுவிட்டார். அதற்கு மேலும் ஒரு முறை அடித்தேன்.

சீரங்கண்ணன் அப்போதுதான் பார்த்து, கடைசித் தறியிலிருந்து ஓடிவந்து சுவிட்சை அமர்த்தினார்.

எல்லாம் நின்றதும் கல்யாண வீட்டுப் பாட்டு உள்ளே வந்தது. குழந்தைகள் கூட்டமாகக் கைதட்டிப் பாடுகிற துள்ளல் பாட்டு. இந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் பாடிக்கொண்டு திரிவதுதான். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கை இருக்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. நான் கோலை இன்னும் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"நான்தான் எழுதுனன்" என்றேன், இப்போது மெதுவாக. எல்லோருக்கும் கேட்டது. கைதட்டுகிற சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பாட்டு முடியும் வரைக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். அம்மா நினைவில்லாமல் கிடந்தாள். சீரங்கண்ணன் கத்தரியால் சேலையை வெட்டி அவளை எடுத்தார். அவள் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நகம் மட்டும் போயிருந்தது.

பிப்ரவரி 24, வியாழன்

பவானியில் எலும்பு கட்டுகிறவரிடம் சீரங்கண்ணன்தான் அப்பாவைக் கூட்டிப்போனார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருக்கிறது. நாற்பத்தைந்து நாள் பிரிக்கக்கூடாது.

எப்படி ஆனது என்று அவர் கேட்டதற்கு, "தறியில மாட்டிக்கிச்சு" என்றாராம் அப்பா. பங்காளிகளிடமும் அதையேதான் சொல்கிறார். மகள் அடித்தாள் என்று எந்த மனிதன் சொல்வான்? சீரங்கண்ணனும் வாய் திறக்கவில்லை. முதல் முறையாக அவருக்குச் சொல்ல நகைச்சுவை ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்ச் 3, வியாழன்

அப்பாவின் இரண்டு தறியை அம்மா ஓட்டுகிறாள். எப்போது கற்றுக்கொண்டாள் என்றேன். "பதினேழு வருசமாப் பாத்துக்கிட்டேதான இருக்கறன்" என்றாள்.

அப்பாவுக்கு இடது கையால் பிசைய வராது. நான்தான் பிசைந்து உருட்டிக் கொடுக்கிறேன். வாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

மார்ச் 16, புதன்

சோறு ஊட்டும்போது அப்பா கேட்டார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"எம் பேரை ஏன் எழுதல?"

"எடமில்லீங்கப்பா" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏனோ வேறு வந்தது.

"உங்க பேரு இருந்துச்சுன்னா அம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடிக்காமப் போயிருக்கும்."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். "எம் பேரு ரேடியோவுல ஒருக்காகூட வந்ததில்ல" என்றார், சுவரைப் பார்த்து. பிறகு வாயைத் திறந்தார். அடுத்த உருண்டையைக் கொடுத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் அது கொஞ்ச நேரம்தான்.

மார்ச் 27, ஞாயிறு

சீரங்கண்ணன் தன் வீட்டிலிருந்த பழைய பேட்டரி ரேடியோவைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிட்டார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

தறிச்சத்தத்தில் அம்மா என் காதுக்கு வந்தாள். பாட்டைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "கட்டுப் பிரிக்கற வரைக்குந்தான் இதெல்லாம். அப்பறம் அவன் யாரை மொதல்ல அடிப்பானோ. நீ ஜலகண்டாபுரம் போயிரு" என்றாள்.

"நான் எங்கயும் போகல."

அந்தக் கோலை அதன் பழைய இடத்தில் வைக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்று அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, புதன்

கட்டைப் பிரித்தார்கள். நான்தான் கூடப் போனேன். எலும்பு கூடியிருக்கிறது, கொஞ்சம் கோணல். விரலை மடக்கச் சொன்னார் வைத்தியர். அப்பா மடக்கினார். முஷ்டி பிடிக்கச் சொன்னார். பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பவானிப் பாலத்தில் திரும்பி வரும்போது அவர் முன்னால் நடக்க நான் பின்னால் வந்தேன். எப்போதும் அப்படித்தான் நடப்போம். இன்று அவர் இரண்டு முறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 10, ஞாயிறு

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். கரண்ட் இல்லை. அப்பா வலது கையால் தானே பிசைந்தார். நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு அந்தக் கைக்கு வலு வந்துவிட்டது. ரசம் ஆறிவிட்டது என்று அம்மாவின் பக்கம் தட்டைத் தள்ளினார். கொஞ்சம் வேகமாகத்தான் தள்ளினார். அம்மா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அப்போது ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. குழந்தைகள் கைதட்டிப் பாடுவது.

அப்பாவின் கை அப்படியே நின்றது. விரலிலிருந்து ரசம் சொட்டியது. என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அன்று நினைவில்லாமல் கிடந்தவள், அப்போது அந்தப் பாட்டு ஓடியது அவளுக்குத் தெரியாது. வீட்டில் அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"என்னாச்சு ரெண்டு பேத்துக்கும்?" என்றாள்.

"அத நிறுத்து" என்றார் அப்பா.

நான் எழுந்துபோய் ரேடியோவுக்குக் கீழே நின்றேன். கையைத் தூக்கினால் எட்டும்.

"பாட்டு முடியட்டுங்கப்பா" என்றேன்.

குரல் நன்றாகவே வந்தது. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்பா எழப்போனார், எழவில்லை. அந்தக் கையைத் தட்டிலிருந்து எடுத்தார். மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைப் பார்த்தபடியே நின்றேன். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. கடைசிக் கைதட்டல் வரைக்கும் அவரை எழவிடவில்லை.

முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அம்மா சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா தறியை விட்டு எழுந்து வரும்போது பார்ப்பாளே, அதே மாதிரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.